நடுங்காத முள்

கோல சிலாங்கூர்,
30 ஜனவரி 2025

தங்கச்சி முரியலுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் மடத்தையும் நல்லபடியா வச்சிருக்கணும். இங்கே நான் சுகம், உன் அண்ணி எவலின் சுகம், காருக்குத்தான் சுகமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கு? மலைக்குளிருக்குக் காலுறை போட்டுக்கோ. ஒறுத்தல், தவம்னு சொல்லி அதையும் கழட்டி வைக்காதே.

ஊர் உலகமெல்லாம் போன்ல பேசுது. போனே இல்லாத அடைப்பு மடத்துக்குள்ளே போய் உட்கார்ந்தவ நீ ஒருத்திதான். அதனால பேனாவைத் தேடி எடுத்து எழுதுறேன். எனக்கு ஒரு மீட்டர் வேணும். கார்புரேட்டருக்குப் போற பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில போகுதுன்னு காட்டுற பிரஷர் மீட்டர். எது நம்பகமானதுன்னு கேட்க உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லை. மடத்துக்குப் போறதுக்கு முன்னே ஏழு வருஷம் டவுன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டர்ல நின்னவளாச்சே.

வேலை பார்த்த ரவாங் ஃபேக்டரியை மூடினதுக்கு அப்புறம் நான் அறுபத்தாறாம் வருஷத்து ஆஸ்டினைக் கல்யாணக் காரா ஓட்டுறது உனக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை சுங்கை ஆயர் தாவார்ல ஒரு கல்யாணம். கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். முன்னே சன்னாசியோட உறுமி மேளம், பின்னே நம்ம வண்டி. பின்சீட்ல பொண்ணு மாப்பிள்ளை, என் பக்கத்தில எவலின். மேளக்காரங்க பத்தடி நடக்க அஞ்சு நிமிஷம் ஆடுறாங்க. ரோட்டுல எண்பதுல பூனை மாதிரி ஓடுற வண்டி, பாதி வழியில கார்புரேட்டர்லேருந்து பெட்ரோலைக் கொட்டிட்டு நின்னுருச்சு. ஒரே நாத்தம். பொண்ணை இறக்கி மேளக்காரங்க லோரியில ஏத்தி அனுப்பினாங்க முரியல்! பட்டுப்புடவையோட, மாலையோட, லோரியில! மானம் கப்பலேறிப் போச்சு. எனக்கும் கோவம் வந்து கொஞ்சம் சத்தம் போட வேண்டியதாப் போச்சு. அதை யாரோ போன்ல பிடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டாங்க.

பழைய பம்பு போனதால கரண்டு பம்பு ஒண்ணு போட்டிருக்கேன். அது தள்ளுறது ஜாஸ்தி. அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டரும் மாட்டியிருக்கேன். ஆனா எவ்வளவு குறைக்கிறேன்னு கண்ணால பார்க்க மீட்டர் இல்லை. உன் பழைய முதலாளி தவுக்கே கடையில ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். நூறு வரைக்கும் எண் போட்டு, குரோம் பளபளன்னு ராஜா மாதிரி இருக்கு. வாங்கிடவா?

அடுத்த ஊர்வலம் ஜூன் ஒண்ணாம் தேதி ராசாங்கிற ஊர்ல. சேதுன்னு ஒருத்தர், அவரு மக விஷாலினியோட கல்யாணம். அதிலேயும் வண்டி நின்னா இந்த வட்டாரத்தில என்னை ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அம்பத்து நாலு வயசுல இன்னொரு வேலைக்கு நான் எங்கே போவேன்?

எவலின் உன்னை விசாரிச்சா.

உன் அண்ணன்
காப்ரியல்


மடம்,
8 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

மாதாவின் நிழல் உன் வீட்டு மேலே இருக்கட்டும். முட்டி என்னோடதான் இருக்கு, ஓடிப்போகலை. காலுறை ரெண்டு ஜோடி போடுறேன், போதுமா? உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காப் போடுறியா, இல்லே கார் மட்டும்தான் உன் கவலையா?

பொண்ணு லோரியில போனதைப் படிச்சு நான் சிரிச்சேன். அப்புறம் அந்தப் பொண்ணுக்காக ஒரு ஜெபமாலை சொன்னேன்.

நூறு வரைக்கும் எண் போட்டதை வாங்காதே. அண்ணே, உன் கார்புரேட்டருக்கு வேண்டியது ரெண்டரை பவுண்டு அழுத்தம், மிஞ்சினா மூணு. அதுக்கு மேலே போனா உள்ளே இருக்கிற மிதவை தாங்காது, பெட்ரோல் வழிஞ்சிடும். நூறுல மூணு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பே? அரிசி மூட்டை நிறுக்கிற தராசுல மோதிரத்தை நிறுக்கிற கதைதான். அந்த மீட்டர் எல்லாம் ஊசி போடுற மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற இந்தக் காலத்து வண்டிக்கு. உனக்கு வேண்டியது பூஜ்யத்திலேருந்து பதினைஞ்சு வரைக்கும் உள்ளது. பத்து வரைக்கும் கிடைச்சா இன்னும் நல்லது. குரோமைப் பார்த்து மயங்காதே. கவுண்டர்ல நின்ன ஏழு வருஷத்தில உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா?

ஒரு கேள்வி. ரோட்டுல நல்லா ஓடுற வண்டி ஊர்வலத்தில மட்டும் நிக்குதுன்னா, நிக்கிறதுக்கு முன்னே என்ன நடந்துச்சுன்னு நீ எழுதலை. எத்தனை மணி? வெயிலா? எவ்வளவு நேரம் ஊர்ந்தே?

அண்ணிக்கு என் அன்பு. அவங்க எப்பவும் உன் கடிதத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதுவாங்களே, இந்தத் தடவை காணோமே?

உன் தங்கச்சி
முரியல்


கோல சிலாங்கூர்,
17 பிப்ரவரி 2025

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு மாத்திரை ஞாபகம் வந்துச்சு. அதனால நீ அனுப்பினதை மருந்துன்னே சொல்லலாம். நான் நல்லா இருக்கேன். மழை விட்டுருச்சு. செம்பனைத் தோட்டத்து லோரிங்க நம்ம வாசல் ரோட்டை உழுது வச்சிருக்கு.

நூறு வேண்டாம்னு தவுக்கே கிட்டே சொன்னேன். "உன் தங்கச்சி இன்னும் எனக்கு வியாபாரம் கெடுக்குறா லா"ன்னு சிரிச்சாரு. உன்னை மறக்கலை அந்த மனுஷன். பதினைஞ்சு வரைக்கும் உள்ளதுல நாலு வகை வச்சிருக்காரு.

நீ கேட்டது: பதினோரு மணி வெயில். அரை மணி நேரம் ஊர்ந்தோம். பொனட்டுல கை வைக்க முடியலை.

இன்னொரு யோசனை. மீட்டரை டேஷ்போர்டுல, ஸ்டியரிங் பக்கத்தில மாட்டப்போறேன். ஓட்டிக்கிட்டே பார்க்கலாம், ஏறுறவங்களுக்கும் பார்க்க அழகா இருக்கும். எப்படி?

எவலின் வேலையில மும்முரமா இருக்கா, அதான் எழுதலை. உன்னை விசாரிச்சா.

அண்ணன்
காப்ரியல்


மடம்,
26 பிப்ரவரி 2025

அன்பு அண்ணே,

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கேட்டு இன்னிக்குக் காலையில மெழுகுவத்தி ஏத்தினேன். இந்தக் கடிதத்தைப் படிச்சா முதல்ல கேட்டது எவ்வளவு அவசரம்னு உனக்கே புரியும்.

டேஷ்போர்டுலயா? அந்த மீட்டருக்குள்ளே பெட்ரோல் நிக்கும் அண்ணே! பெட்ரோல் குழாயைப் பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ற இடத்துக்குள்ளே கொண்டு வரப்போறியா? ஒரு இணைப்பு கசிஞ்சா போதும், ஊர்வலம் வேற மாதிரி ஆயிடும். வெளியே மாட்டு. முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் பக்கத்தில, முள் உன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வை. குழாய் பொனட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

நாலு வகைன்னு மட்டும் எழுதியிருக்கே. நாலுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதலை. எதை வாங்கினாலும் எனக்கு எழுதிக் கேட்டுட்டு வாங்கு. ஆனா வர்ற புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க நாங்க கடிதம் எழுதுறதும் இல்லை, வர்றதைப் பிரிக்கிறதும் இல்லை. எல்லாம் மதர் மேசை டிராயர்ல பூட்டியிருக்கும். உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்குத்தான் கையில கொடுப்பாங்க. ஏப்ரல் இருபது. அதுவரைக்கும் பொறுமையா இரு. அதுதான் உன்னோட தவம்னு வச்சுக்கோ.

அண்ணியோட ரெண்டு வரி இந்தத் தடவையும் இல்லை. கோவமா என் மேலே?

முரியல்


கோல சிலாங்கூர்,
4 மார்ச் 2025

முரியல்,

அவசரம். நாளைக்குள்ளே இது உன் கையில கிடைச்சிடணும்னு ஆண்டவரைக் கேட்டுக்கிட்டே போஸ்ட் பண்றேன்.

நாலு மீட்டர்ல ரெண்டு எண்ணெய் நிரப்பினது, ரெண்டு காலியானது. எண்ணெய் உள்ளதுல முள் ஆடாம அசையாம நிக்குது. காலியானது வண்டி ஓடுறப்போ நடுநடுன்னு நடுங்குது. தவுக்கே எண்ணெய் உள்ளதைத்தான் எல்லாரும் வாங்குறாங்கன்னு சொல்றாரு. எது?

எவலின் விசாரிச்சா.

காப்ரியல்


கோல சிலாங்கூர்,
7 ஏப்ரல் 2025

முரியல்,

நீ இதை இப்போ படிக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் எழுதுறேன். எழுதலைன்னா மண்டை வெடிச்சிடும்.

உன் பதில் வரலை. எண்ணெய் நிரப்பின மீட்டரையே வாங்கிட்டேன். நீ சொன்ன மாதிரி பதினைஞ்சு வரைக்கும் உள்ளது, வெளியேதான் மாட்டினேன். முள் அப்படியே கல்லுல செதுக்கின மாதிரி நின்னுச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணினா சரியா மூணு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அரை மணி நேரம் வாசல்லயே ஓட விட்டேன். வண்டி சூடானதும் முள் ஒண்ணரைக்கு இறங்கிடுச்சு. ஓஹோ, சூட்டுல பம்பு சோர்ந்து போகுது, அதான் விஷயம்னு ரெகுலேட்டரைத் திருகித் திரும்ப மூணுக்குக் கொண்டாந்தேன்.

போன சனிக்கிழமை சேது வண்டியைப் பார்க்கணும்னு கூப்பிட்டாரு. அம்பாங் பெச்சாவில அவரு மாமனார் வீட்டுல ஒரு பூசை. பெஸ்தாரி ஜெயா வழியா ஜம்முன்னு போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டுச் சந்துல சொந்தக்காரங்க எல்லாம் வண்டியைச் சுத்தி நிக்கிறாங்க. "மெதுவா ஒரு சுத்து போங்க"ன்னாரு சேது. போனேன். மீட்டர்ல முள் மூணுல அசையாம நிக்குது. கீழே தரையெல்லாம் பெட்ரோல். நின்னுருச்சு.

சேது வீட்டுக்குள்ளே போயிட்டாரு. அதுதான் என்னைக் கொல்லுது. அவரு மனைவி தங்கமணி மட்டும் "யோசிச்சுச் சொல்றோம்"னாங்க.

மீட்டர் சரியாக் காட்டுது, வண்டி தப்பா நடக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை. வண்டியை வித்துடலாம்னு இருக்கேன்.

அண்ணன்


மடம்,
21 ஏப்ரல் 2025

அண்ணே,

உயிர்த்த ஆண்டவரோட மகிழ்ச்சி உனக்கு முழுசாக் கிடைக்கட்டும். மதர் நேத்துக் காலையில டிராயரைத் திறந்து உன் ரெண்டு கடிதத்தையும் கொடுத்தாங்க. படிச்சுட்டு எனக்கு அழுகையும் வந்துச்சு, தலையில அடிச்சுக்கவும் தோணுச்சு. வண்டியை வித்துடாதே. வண்டி தப்பு பண்ணலை. பொய் சொல்றது மீட்டர்.

எங்க மடத்துத் தண்ணி பம்புல இதே மாதிரி எண்ணெய் நிரப்பின மீட்டர் இருக்கு. பார்த்துக்கிறது நான்தான். காலையில சரியாக் காட்டும், மத்தியானம் வெயில்ல குறைச்சுக் காட்டும். ரெண்டு வருஷம் பிளம்பரைத் திட்டியிருக்கேன், பாவசங்கீர்த்தனத்துல அதையும் சொல்லியிருக்கேன். கடைசியில தெரிஞ்சது இதுதான். மூடின டப்பாவுக்குள்ளே இருக்கிற எண்ணெய் சூடானா விரியும். விரிஞ்சு உள்ளேயிருந்து முள்ளுக்கு எதிரா அழுத்தும். அதனால முள் இறங்கும். குழாய்ல அழுத்தம் இறங்கவே இல்லை. நீ ஒண்ணரையைப் பார்த்துட்டு ரெகுலேட்டரைத் திருகினப்போ, நிஜத்தில மூணை நாலரை ஆக்கினே. அதான் கொட்டுது.

நம்பலைன்னா சோதிச்சுப் பாரு. எஞ்சின் குளிர்ந்திருக்கிறப்போ, எஞ்சினைக் கிளப்பாம பம்பை மட்டும் ஓட விடு. முள் ஒரு இடத்தில நிக்கும். ஒரு துணியைச் சுடுதண்ணியில நனைச்சு மீட்டர் மேலே மட்டும் சுத்து. முள் இறங்கினா, பெட்ரோல் மாறலை, மீட்டர்தான் மாறுது.

காலி மீட்டரை வாங்கு. முள் நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். பம்பு துடிக்குதுல்ல, அப்போ அதுவும் துடிக்கணும்.

இப்போ நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. உன் கடிதமும் அந்த எண்ணெய் மீட்டர் மாதிரியே இருக்கு அண்ணே. உள்ளே என்ன கொதிச்சாலும் "எவலின் விசாரிச்சா"ன்னு ஒரே இடத்தில நிக்குது. கடைசிக் கடிதத்தில அதுவும் இல்லை. ஜனவரியிலேருந்து அண்ணியோட ஒரு எழுத்து இல்லை. அன்னிக்கு "கொஞ்சம் சத்தம் போட்டேன்"னு எழுதினியே, யார் மேலே போட்டே?

அண்ணி எங்கே?

முரியல்


கோல சிலாங்கூர்,
28 ஏப்ரல் 2025

முரியல்,

சுடுதண்ணித் துணியைச் சுத்தினேன். முள் என் கண்ணு முன்னாலேயே நாலரையிலேருந்து மூணுக்கு இறங்கிச்சு. எஞ்சின் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு.

எவலின் இங்கே இல்லை. ஜனவரி இருபத்தேழாம் தேதியிலேருந்து ரவாங்குல அவ தங்கச்சி அமண்டா வீட்டுல இருக்கா. "ஆபீஸுக்குப் பக்கம்"னு அக்கம்பக்கத்துக்குச் சொல்லியிருக்கேன். உனக்கும் அதையே சொல்லலாம்னு இருந்தேன், கை வரலை.

சுங்கை ஆயர் தாவார்ல வண்டி நின்னதும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. கூட்டம் சிரிக்குது. யார் மேலேயாவது போடணும். எவலினைப் பார்த்து, "உன் ஹேண்ட்பேக்கைச் சோக் குமிழ்ல மாட்டி இழுத்து, பெட்ரோலைக் கூட்டி வண்டியைக் கெடுத்துட்டியே, அறிவிருக்கா உனக்கு"ன்னு கத்தினேன். இருநூறு பேருக்கு முன்னாலே. பேக் அவ மடியில இருந்துச்சு முரியல். நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் கத்தினேன்.

அவ இறங்கினா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு மேளக்காரங்களோட சேர்ந்து வண்டியைத் தள்ளினா. மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போன்ல வந்த படத்தில என் குரல் தெளிவாக் கேக்குது. ஊர்ல இப்போ பழைய காரைப் பார்த்தா "ஹேண்ட்பேக்கை எங்கேயும் மாட்டாதே"ன்னு கேலி பண்றாங்க. அவ ஆபீஸ்லயும் பண்ணியிருப்பாங்க. அவதானே அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கணும்.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுதேன். நீ சொன்னா கேட்பா.

காப்ரியல்


மடம்,
5 மே 2025

அண்ணே,

தேவன் உன்னைத் தாங்கட்டும், நான் இன்னிக்குத் தாங்குறதா இல்லை.

எழுத மாட்டேன். கத்தினது நீ, காகிதம் நானா? கூச்சமா இல்லையா உனக்கு? கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் உன் கூட இருந்தவங்க. நீ வேலை போய் உட்கார்ந்தப்போ அவங்க சம்பளத்திலதானே அந்தக் காரே பெயின்ட் பார்த்துச்சு? நேரா ரவாங்குக்குப் போ. எண்ணெய் விரியுது, முள் இறங்குதுன்னு அங்கே பாடம் நடத்தாதே. தப்பு என்னோடதுன்னு சொல்லு.

திட்டு முடிஞ்சுது. இனி மீட்டர். இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு வாங்காதே, கடையிலேயே சோதிச்சு வாங்கு. எட்டடி ரப்பர் குழாய் ஒண்ணு எடுத்துக்கோ, உள்ளே தெரியுற வகை. ஒரு முனையை மீட்டர்ல இறுக்கு, குழாய்ல தண்ணி ஊத்தி மறு முனையைத் தூக்கிப் பிடி. தண்ணி ஏழடி உயரம் நின்னா அது மூணு பவுண்டு. இது எந்தக் கம்பெனியும் மாத்த முடியாத கணக்கு. எந்த மீட்டர் அப்போ மூணு காட்டுதோ அதை வாங்கு. அப்புறம் வெயில்ல அரை மணி நேரம் வச்சுட்டு மறுபடியும் பிடிச்சுப் பாரு.

உன்னை வெறுத்து எழுதலை. உன் கடிதம் வந்த நாள்லேருந்து உனக்காகத்தான் ஜெபிக்கிறேன்.

முரியல்


கோல சிலாங்கூர்,
20 மே 2025

தங்கச்சிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில உடம்பு தேவலை. மாத்திரை போடுறேன்.

தவுக்கே கடையில நாற்காலி மேலே ஏறி நின்னு குழாயைத் தூக்கிப் பிடிச்சேன். பாதித் தண்ணி அவரு கல்குலேட்டர் மேலே. "ஐயோ, இது கடையா, குளியலறையா?"ன்னு கத்தினாரு. முதல் மீட்டர் ரெண்டு காட்டுச்சு. ரெண்டாவது, எண்ணெய் உள்ளது, நாலு. எண்ணெய் உள்ள இன்னொண்ணு முதல்ல மூணு காட்டுச்சு, கார் பொனட் மேலே வெயில்ல வச்சு எடுத்துப் பிடிச்சா ஒண்ணே முக்கால். தவுக்கே வாயைத் திறந்தபடி பார்த்தாரு. கடைசியா மூலையில கிடந்த ஒண்ணு. கறுப்பு முகம், குரோம் கிடையாது, அட்டைப்பெட்டி கிழிஞ்சிருந்துச்சு. நிழல்லயும் மூணு, வெயில்லயும் மூணு. கடைக்கு வந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க! தவுக்கே இப்போ அந்தக் குழாயைக் கேட்டு வாங்கிக் கடையிலேயே மாட்டி வச்சிருக்காரு.

ரெகுலேட்டரை ரெண்டரைக்கு வச்சேன். ஒரு மணி நேரம் மத்தியான வெயில்ல தோட்டத்து ரோட்டுல நடை வேகத்தில ஊர்ந்தேன். முள் காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்குது, ஆனா ரெண்டரையை விட்டு நகரலை. ஒரு சொட்டு கசியலை.

ரவாங்குக்கும் போனேன். அமண்டாவும் அவ புருஷன் பேட்ரிக்கும் இருந்தாங்க. தப்பு என்னோடது, பேக் உன் மடியிலதான் இருந்துச்சுன்னு சொன்னேன். எவலின் கேட்டுட்டு, "இருநூறு பேர் முன்னால கத்தினதுக்கு மூணு பேர் முன்னால மன்னிப்பா?"ன்னு கேட்டா. தேத்தண்ணி கொடுத்தா. நான் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அவ சொன்னது சரிதான் முரியல். ஜூன் ஒண்ணுக்கு ஜெபம் பண்ணு. சேது ஏனோ இன்னும் வேற வண்டி பார்க்கலை.

காப்ரியல்


கோல சிலாங்கூர்,
4 ஜூன் 2025

முரியலுக்கு எவலின் எழுதுறது.

நல்லா இருக்கியாம்மா? முட்டிக்கு ஒரு தைலம் தனியா அனுப்பியிருக்கேன், சூடு பறக்கத் தேய். முதல்ல உன் அண்ணன்தான் எழுத உட்கார்ந்தாரு. ஒரு பக்கம் முழுக்க பம்பைப் பத்தியே எழுதியிருந்தாரு. நான் பிடுங்கிட்டு இதை எழுதுறேன்.

கல்யாணத்துக்கு நான் போனது பொண்ணோட அம்மா தங்கமணி அழைச்சதால. அவ என் ஆபீஸ்ல என் பக்கத்து மேசை. உன் அண்ணனுக்கு அது தெரியாது. கோயில் வாசல்ல ஆஸ்டின் பூ அலங்காரத்தோட நிக்குது. பார்த்தா முன்னே அதே சன்னாசி, அதே உறுமி மேளம். சன்னாசி உன் அண்ணனைப் பார்த்ததும், "காப்ரியல் அண்ணே, லோரி ரெடியா இருக்கு லா"ன்னு சத்தமாச் சொன்னான். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. எனக்குக் காது சூடாச்சு, கோவம் சன்னாசி மேலேயா இவரு மேலேயான்னு தெரியலை.

இவரு கூட்டத்தில என்னைப் பார்த்துட்டு நேரா அவங்க லோரிக்குப் போனாரு. மேளக்காரங்க பாட்டுப் பாடுற மைக்கைக் கேட்டு வாங்கினாரு. "சுங்கை ஆயர் தாவார்ல இந்த வண்டி நின்னதை எல்லாரும் போன்ல பார்த்திருப்பீங்க. ஹேண்ட்பேக்னு நான் கத்தினதையும் கேட்டிருப்பீங்க. அது பொய். என் மனைவி எதையும் தொடலை. நான் மாட்டின பம்பு, என் தப்பு. அவமானத்துக்குப் பயந்து அவ மேலே போட்டேன். எவலின், என்னை மன்னிச்சிடு"ன்னாரு. மைக்கு கீச்சுனு கத்துச்சு. மேளக்காரங்க குச்சியைக் கீழே இறக்கிட்டாங்க. பொண்ணோட பெரியம்மா அமராவதின்னு ஒருத்தங்க, "அதான் சொல்லிட்டாருல்ல, வெயில் கொளுத்துது, பொண்ணு வேர்த்துப் போகுது, ஏறு தாயி"ன்னு என்னைத் தள்ளினாங்க. இந்தத் தடவை யாரோ போன்ல பிடிச்சது நல்ல விஷயம்.

நான் முன்சீட்ல ஏறினேன். பேக் மடியில. அவரு என்னைப் பார்க்கலை, ரோட்டையும் முள்ளையும்தான் பார்த்தாரு. மணி பதினொண்ணரை. மேளம் கோயில் திருப்பத்தில கால் மணி நேரம் ஆடுச்சு. பொனட்டுல முட்டையை உடைச்சு ஊத்தியிருந்தா வெந்திருக்கும். பூமாலை ஒண்ணு சரிஞ்சு மீட்டரை மறைச்சுடுச்சு. அவருக்கு நெத்தியில வேர்வை கொட்டுது, வண்டியை விட்டு இறங்கவும் முடியலை. நான் பக்கத்துச் சன்னல் வழியா வெளியே எட்டி மாலையை ஒதுக்கினேன். முள் ரெண்டரைக்கும் ரெண்டே முக்காலுக்கும் நடுவில துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. "ரெண்டரை"ன்னு சொன்னேன். நாலு மாசத்தில நாங்க சண்டையில்லாமப் பேசின முதல் வார்த்தை அதுதான். அப்புறம் மண்டபம் வரைக்கும் நான் எண்ணைச் சொல்லிக்கிட்டே வந்தேன், அவரு "ம்", "ம்"னுக்கிட்டே ஓட்டினாரு.

ஐம்பது நிமிஷம் முரியல்! ஒரு சொட்டு விழலை. விஷாலினி மாலை கசங்காம மண்டப வாசல்ல இறங்கினா. சன்னாசியே மேளத்தை வண்டி பக்கம் திருப்பி, காருக்கு ஒரு தனி அடி அடிச்சான். சேது உன் அண்ணனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. சாப்பாட்டுப் பந்தியிலேயே ரெண்டு வீட்டுக்காரங்க வண்டி வேணும்னு கேட்டாங்க. உன் அண்ணன் ஜெயிச்சுட்டாரு. ரெண்டாந்தடவை பாயசம் கேட்டு வாங்கினாரு.

உனக்கு மட்டும் ஒரு விஷயம். ஏப்ரல்ல அம்பாங் பெச்சாவில வண்டி நின்னதும் சேது வேற காருக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிட்டாரு. தங்கமணி ஆபீஸ்ல வந்து என்னைக் கேட்டா. "அவரு கோவக்காரருதான், ஆனா எடுத்ததைச் சரி பண்ணாம விடுற ஆள் இல்லை. இருங்க"ன்னு நான்தான் சொன்னேன். அவரு கூடப் பேசாம இருந்தேனே தவிர, அவரு தோக்கணும்னு நான் ஒரு நாளும் நினைக்கலை.

வண்டி ஓடினதாலதான் நான் வீட்டுக்குத் திரும்பினேன்னு அவரு நினைச்சுக்கிட்டிருக்காரு. தினமும் காலையில அந்த மீட்டரைத் துடைக்கிறாரு. நான் முடிவு பண்ணினது அவரு மைக்கைத் திருப்பிக் கொடுத்தப்பவே. அன்னிக்கு வண்டி அந்தக் கோயில் வாசலை விட்டு நகராமலே போயிருந்தாலும் நான் அவரு கூட வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். அதை அவருக்கு இப்போ சொல்றதா இல்லை. நீயும் எழுதிடாதே.

அன்புடன் உன் அண்ணி
எவலின்